ஒரு வரி இடம்

மூலம், பவுத்திரம், முடக்குவாதம்
மூன்றுதான் எழுதிக் கொடுத்தார் வைத்தியர் ஏகாம்பரம்,
சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில்.
மஞ்சள் தாள், டெம்மி எட்டில் ஒன்று, ஐயாயிரம் நோட்டீஸ்.
பாட்டில் படம் போட்டு, பச்சையில் பார்டர் கட்டி,
'செவ்வாய்தோறும் திருப்பாதிரிப்புலியூர்
பஸ் ஸ்டாண்டு எதிரில், லாட்ஜ், ரூம் நம்பர் ஒன்பது'
எல்லாம் வைத்த பிறகும்
பாதித் தாள் வெறுமையாகக் கிடந்தது.

"காலியா இருந்தா நம்பமாட்டாங்க தம்பி.
ரொப்பு."

ரொப்பினேன்.
சர்க்கரை. ஆஸ்துமா. கல்லடைப்பு.
கடலூர் ஜி.எச்.சில் எத்தனை வார்டு உண்டோ அத்தனையும்.
'குழந்தைப்பேறின்மை' நீளமான சொல்,
ஒரு வரியை முழுசாய் அடைத்தது, நிம்மதி.
முதலாளி கனகசபை எட்டிப் பார்த்து
வழுக்கையையும் சேர்க்கச் சொன்னார்,
தன் தலையைத் தடவியபடி.

இன்னும் ஒரு வரி மிச்சம்.
காக்காய் வலிப்பு என்று அடித்தேன்.
என் தம்பி சதாசிவத்துக்கு இருப்பது அது.
மாதாமாதம் ஓ.பி. சீட்டில் எழுதி எழுதி
விரலுக்கு அந்தச் சொல் பழகியிருந்தது.
அவ்வளவுதான் காரணம் என்றுதான்
ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஏழாவது மாதம் மருந்து ஆய்வாளர் யாஸ்மின் வந்தார்.
இரண்டு கான்ஸ்டபிள், ஒரு வி.ஏ.ஓ., ஈரக் குடை.
ரூம் ஒன்பதில் நானூற்றுப் பதினாறு பாட்டிலும்
ஒரு மூட்டை கருப்பட்டியும்
அம்மியில் பொடித்த ஏதோ மாத்திரையும்.
வைத்தியர் விடியற்காலையே
சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாராம்.

சட்டத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு என்று
அன்றுதான் தெரியும்.
இன்னின்ன நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் கூடாது.
அதையும் என் நோட்டீஸையும் பக்கத்தில் வைத்து
விரல் வைத்து ஒத்துப் பார்த்தார்,
கைதேர்ந்த ப்ரூஃப் ரீடர் மாதிரி.
வழுக்கை வந்தபோது
முதலாளி காலண்டரைப் பார்த்தார்.

"தேவனாம்பட்டினம் அஞ்சலாட்சியத் தெரியுமா?"
தெரியாது.
"பையனுக்குப் பதினோரு வயசு.
ஜி.எச். மாத்திரைய நிறுத்திட்டு
நாப்பது நாள் இதக் குடுத்திருக்காங்க.
நோட்டீஸ நாலா மடிச்சு வச்சிருந்தாங்க.
வலிப்புங்கிற வரிக்குக் கீழ பேனாக் கோடு."

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்:
கண் திறந்துவிட்டான்,
பேச்சு இன்னும் வரவில்லை.

"இந்த வரி யார் எழுதினது?"

வைத்தியர் என்று சொல்லியிருக்கலாம்.
அவர்தான் ஊர் தாண்டிவிட்டாரே.
"இடம் இருந்தது மேடம்" என்றேன்.
கேட்காமலே தம்பியைப் பற்றியும் சொன்னேன்.

"அவருக்கு இந்த மருந்து வாங்கிக் குடுத்தீங்களா?"

தாள் வெட்டும் மெஷின் கூட அப்போது ஓடவில்லை.

"இல்ல."

அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டார்.
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது.
திருத்தாமல் கையெழுத்துப் போட்டேன்.

கார்த்திகையில் அதே அலுவலகத்திலிருந்து ஆர்டர்.
மூன்று கொட்டேஷனில் எங்களுடையதுதான் குறைவு.
பொதுமக்களுக்கு எச்சரிக்கை, ஏமாறாதீர்.
அதே மஞ்சள் தாள்,
மீந்த கட்டைத் தூக்கிப் போட முதலாளிக்கு மனசு வரவில்லை.
சென்னையிலிருந்து வந்த வாசகம்,
ஒவ்வொரு வாக்கியமும் மூச்சு முட்ட நீளம்,
'மேற்படி' மட்டும் ஆறு இடத்தில்.
எல்லாம் வைத்த பிறகும்
அடியில் கொஞ்சம் இடம்.

வலிப்பு மாத்திரையை
ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்
என்று அடித்து
மூன்று முறை அழித்தேன்.

ப்ரூஃப் பார்க்க அவரே வந்தார்.
கையில் சர்க்குலர். வரி வரியாக, விரல் வைத்து.
கடைசியில் விரல் நின்றது.
சர்க்குலரைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் ஒன்றும் இல்லை.
வெளியே நெய்வேலி பஸ் ஒன்று
ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு போனது.

"எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கே"
என்றார்.